திரையில் கண்டதும் ஏட்டில் உள்ளதும்

தவக்காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் விவிலியப் படங்களுக்குத் தனி இடம் உண்டு. முன்பு வெள்ளைத் துணி கட்டி ஊரே கூடிப் பார்த்த படங்களை இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வீட்டிலிருந்தவாறே காண்கிறோம். நல்ல வழக்கமே. ஆயினும் பெற்றோர் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. குழந்தையின் மனத்தில் முதலில் பதிவது நற்செய்தியின் சொல்லா, படத்தின் காட்சியா? கண்வழிப் புகுந்தது எளிதில் அகலாது. பத்து வயதில் பார்த்த காட்சி, பின்னாளில் திருப்பலியில் வாசகம் கேட்கும்போதும் குறுக்கே வந்து நிற்கும்.

விவிலியம் சுருங்கச் சொல்லும் நூல். பாரவோனின் மகள் மோயீசனை மகனாக ஏற்றதைக் கூறிய யாத்திராகமம், அடுத்த வசனத்திலேயே அவர் வளர்ந்து ஆளான பின் நடந்ததைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. படம் எடுப்பவரோ அந்த இடைவெளியை விட்டுவைப்பதில்லை. 1956-இல் வெளிவந்த 'பத்துக் கட்டளைகள்' மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். அதில் நெப்ரெத்திரி என்னும் இளவரசி மோயீசன்மேல் காதல் கொள்கிறாள். அரியணைக்குப் போட்டி நடக்கிறது. இவை விவிலியத்தில் இல்லாதவை. இயக்குநர் செசில் பி. டிமில் இதை மறைக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில் தாமே தோன்றி, விவிலியம் சொல்லாது விட்ட ஆண்டுகளுக்காகப் பிலோ, யோசேபுஸ் ஆகிய பண்டைய ஆசிரியர்களை நாடியதாக அறிவிக்கிறார். அந்த முன்னுரையை அமர்ந்து கேட்பவர் எத்தனை பேர்?

மரிய மதலேனாளுக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. அவரிடமிருந்து ஏழு பேய்கள் வெளியேறின என்றே லூக்கா (8:2) கூறுகிறார். அதற்கு முந்திய அதிகாரத்தில் ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பாவிப் பெண்ணுக்குப் பெயரில்லை. அருளப்பர் நற்செய்தி 8-ஆம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணுக்கும் பெயரில்லை. 591-இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் தம் மறையுரையில், பாவிப் பெண்ணும் மதலேனாளும் ஒருவரே எனக் கொண்டார். மேற்குத் திருச்சபையில் அக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது. 1969-இல் வழிபாட்டு நாள்காட்டி சீர்திருத்தப்பட்டபோது அது கைவிடப்பட்டது; 2016-இல் அவருடைய நினைவுநாள் அப்போஸ்தலர்களின் விழாவுக்கு நிகராக உயர்த்தப்பட்டது. ஆனால் மெல் கிப்சன் 2004-இல் வெளியிட்ட 'கிறிஸ்துவின் பாடுகள்' படத்தில், கல்லெறியப்பட இருந்த அந்தப் பெண்ணே மதலேனாள்! திருச்சபை திருத்திக்கொண்டதைத் திரை இன்னும் திருத்தவில்லை.

அதே படத்தில் கசையடிக் காட்சி பல நிமிடங்கள் நீள்கிறது. நற்செய்தியாளர் மூவர் கசையடியை ஓரிரு சொற்களில் கூறி அப்பால் செல்கின்றனர். லூக்கா அதை விவரிக்கவேயில்லை. படத்தின் பல காட்சிகள் செருமானியத் துறவி அன்னா கத்தரீன் எம்மெரிக் கண்டதாக எழுதப்பட்ட காட்சிகளைத் தழுவியவை. அமெரிக்கத் திரையரங்குகளில் பதினேழு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடுதான் இதைக் காணலாம் என்று வகைப்படுத்தப்பட்டது. சிறு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பது பக்தியாகாது என்பதே நம் கருத்து.

ஏட்டை விட்டு விலகாத படமும் உண்டு. 1964-இல் இத்தாலியர் பசோலினி எடுத்த 'மத்தேயு நற்செய்தி' அத்தகையது. அவர் இறைநம்பிக்கை அற்றவர். எனினும் உரையாடல்களை நற்செய்தியிலிருந்தே எடுத்தார். தொழில்முறை நடிகரல்லாதாரைக் கொண்டே படமாக்கினார். முதிர்ந்த வயது மரியன்னையாக அவருடைய தாயாரே நடித்தார். படம் திருத்தந்தை 23-ஆம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. கறுப்பு வெள்ளைப் படமாதலின் குழந்தைகளுக்குச் சலிப்பூட்டக்கூடும். அவர்களுக்கு, லூக்கா நற்செய்தியைத் தழுவி 1979-இல் எடுக்கப்பட்டுத் தமிழிலும் கிடைக்கும் 'இயேசு' படம் பொருந்தும்.

பிள்ளைகள் காண்பவற்றைக் கண்காணிப்பது பெற்றோரின் கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல், சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டில் நினைவூட்டியது. கண்காணிப்பது என்றால் தடுப்பது மட்டுமன்று. திரையரங்கில் படத்தை நிறுத்த முடியாது, வீட்டில் முடியும். அந்த வசதியைப் பயன்படுத்திக் கொள்ளுங்கள். அடுத்த முறை ஞானிகள் ஒட்டகத்தில் வரும் காட்சியில் படத்தை நிறுத்தி, மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஞானிகள் எத்தனை பேர் என்று தேடச் சொல்லுங்கள். மூன்று காணிக்கைகள் அகப்படும். ஞானிகளின் எண்ணிக்கையும் அகப்படாது, ஒட்டகமும் அகப்படாது.