ஆத்துல பழகுனவங்களுக்கு ஹைடெக் சூட் தேவையா?

இந்த எபிசோடு ஒரு கேள்வியில இருந்து வந்தது. பாளையங்கோட்டையில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சின்ன வயசுல இருந்து தாமிரபரணியில நீந்துறவர். முதல்முறையா ஒரு கடல் நீச்சல் போட்டிக்குப் பேர் கொடுக்கப் போறார். "அண்ணே, ஹைடெக் சூட் வாங்கணுமாமே? பல ஆயிரம் ஆகும்போல. அது இல்லாம போனா தோத்துருவேனா?" இதுதான் கேள்வி.

கேட்க சின்னக் கேள்விதான். ஆனா இதுக்குள்ள இயற்பியல் இருக்கு, காசு இருக்கு, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கு. ஒண்ணொண்ணா பாப்போம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துருவோம். "ஹைடெக் சூட்"னு ரெண்டு வேற வேற பொருளைச் சொல்றாங்க. ஒண்ணு, ரேஸிங் சூட். மெல்லிசா, தோலோட ஒட்டி, உடம்பை இறுக்கிப் பிடிக்கும். இன்னொண்ணு, வெட்சூட். நியோப்ரீன்ங்கிற ரப்பர்ல செஞ்சது, உள்ளே குட்டிக் குட்டி வாயுக் குமிழ்கள் இருக்கும். அதனால மிதக்கும், குளிரையும் தடுக்கும்.

ரேஸிங் சூட்டின் கதை

2008 பிப்ரவரியில ஸ்பீடோ நிறுவனம் எல்.இசட்.ஆர். ரேஸர்னு ஒரு சூட்டை இறக்குச்சு. துணியோட உராய்வை நாசாவோட காற்றுச் சுரங்கத்துல சோதிச்சுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாங்க. மேல பாலியூரித்தேன் பட்டைகள் இருந்துச்சு. அந்த வருஷம் பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சல்ல 25 உலக சாதனைகள் உடைஞ்சது. அதுல 23 இந்த சூட் போட்டவங்களோடது.

அடுத்த வருஷம் மத்த கம்பெனிகள் முழுக்கவே பாலியூரித்தேன்ல செஞ்ச சூட்டோட வந்துட்டாங்க. 2009 ரோம் உலகச் சாம்பியன்ஷிப்ல 43 உலக சாதனைகள். அதே ரோம்லதான் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல மைக்கேல் ஃபெல்ப்ஸை ஜெர்மனியோட பால் பீடர்மான் தோற்கடிச்சார். அன்னைக்கு அவர் எடுத்த நேரம் 1 நிமிடம் 42 விநாடி. 15 வருஷம் கழிச்சு, 2024 பாரிஸ் ஒலிம்பிக் முடிஞ்ச பிறகும் அந்தச் சாதனை அப்படியே நின்னுச்சு.

ஜெயிச்சது ஆளா, சூட்டா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமத்தான் சர்வதேச நீச்சல் சம்மேளனம் (அப்போ ஃபினா, இப்போ வேர்ல்டு அக்வாட்டிக்ஸ்) 2010 ஜனவரி 1-ல இருந்து தடை போட்டுச்சு. சூட் துணியாத்தான் இருக்கணும். நீச்சல்குளத்துல ஆண்களுக்குத் தொப்புள்ல இருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோள்ல இருந்து முழங்கால் வரை. திறந்தவெளி நீச்சலுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு. தோள்ல இருந்து கணுக்கால் வரை போடலாம், கழுத்தையும் கையையும் மூடக் கூடாது.

சூட் உண்மையில என்ன செய்யுது?

தண்ணியில நம்மளை இழுத்துப் பிடிக்கிறது பெரும்பாலும் உடம்போட வடிவமும், நாம நீந்துற கோணமும்தான். நெஞ்சுல நுரையீரல் இருக்கு, காத்து நிறைஞ்ச பலூன் மாதிரி. அதனால நெஞ்சு மிதக்கும், கால் கீழ இறங்கும். கால் இறங்குனா உடம்பு சாய்வா நிக்கும், தண்ணியைக் கிழிக்காம தள்ளிக்கிட்டே போகும். வெட்சூட்டும் அந்தப் பழைய பாலியூரித்தேன் சூட்டும் காலைத் தூக்கிவிட்டு உடம்பை நேராக்குச்சு. வேகத்தோட ரகசியத்துல பெரிய பங்கு அதுதான்.

இப்போ நம்ம தம்பிக்கு ஒரு நல்ல செய்தி. ஆத்துத் தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ. கடல் தண்ணி ஒரு லிட்டர் சுமார் 1.025 கிலோ. 60 கிலோ ஆள் தண்ணிக்குள்ள ஏறக்குறைய 60 லிட்டர் இடத்தை அடைச்சுக்குறார்னு வைங்க. கடல்ல அவருக்குக் கூடுதலா ஒன்றரைக் கிலோ தூக்குவிசை கிடைக்கும். குறுக்குத்துறையிலயும் பாபநாசத்துலயும் நீந்திப் பழகுனவங்க கடல்ல இறங்குனா "என்னலே, தானா மிதக்குது!"ன்னு சொல்றது இதனாலதான். அந்தத் தூக்குவிசையைக் கடல் இலவசமாவே கொடுத்துருது.

ரெண்டு சதவீதமும் நீரோட்டமும்

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. ஒரு நல்ல வீரர் 10 கிலோமீட்டரை 2 மணி நேரத்துல முடிக்கிறார். சூட் அவருக்கு 2 சதவீதம் உதவுதுன்னே வைப்போம். லாபம் சுமார் இரண்டரை நிமிடம்.

இப்போ விநாடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் நீரோட்டம் அவருக்குச் சாதகமா இருக்குன்னு வைங்க. கண்ணுக்கே தெரியாத ஓட்டம். 2 மணி நேரத்துல 720 மீட்டர் தள்ளிவிட்டுரும். எதிர்த்து வந்தா அதே அளவு பின்னாடி இழுக்கும். சூட் கொடுத்ததைப் போல மூணு மடங்குக்கு மேல!

அதனால திறந்தவெளியில தண்ணியைப் படிக்கத் தெரிஞ்சவர்தான் முன்னாடி போவார். எங்க ஓட்டம் வேகம், எங்க சுழி, எந்தக் கரையோரம் தண்ணி நிக்கும்ங்கிறது ஆத்துல வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சமாவது கைவந்திருக்கும். உச்ச மட்டத்துல, கடைசி 100 மீட்டர்ல ஒரு கை வித்தியாசத்துல முடியிற போட்டியில சூட் முக்கியம்தான். முதல் போட்டியில இல்லை.

நம்ம பாக் நீரிணையையே எடுத்துக்கோங்க. 1954-ல வல்வெட்டித்துறையில இருந்து கோடியக்கரை வரை நீந்துனார் நவரத்தினசாமி. 1966-ல மிஹிர் சென் தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடிக்கு வந்தார். ஆன நேரம் 25 மணி 36 நிமிடம். 1971-ல ஆழிக்குமரன் ஆனந்தன் அந்த நீரிணையைப் போய்த் திரும்பியே கடந்தார். 1994-ல குற்றாலீஸ்வரன் கடந்தப்போ அவருக்கு வயசு 12. ராக்கெட் துணி வர்றதுக்கு முன்னாடியே நடந்தது இதெல்லாம்.

ஆங்கிலக் கால்வாய்ல இன்னைக்கும் பாரம்பரிய விதி அதுதான்: சாதாரண நீச்சல் உடை, ஒரு தொப்பி, கண்ணாடி, உடம்புல கிரீஸ். மிதக்க வைக்கிற, சூடு காக்கிற எதுவும் கூடாது. கோடையிலயும் அந்தத் தண்ணி 15 முதல் 18 டிகிரிதான். அந்தக் குளிரைத் தாங்குறதும் சாதனையில ஒரு பகுதின்னு அவங்க நினைக்கிறாங்க. பழைய சாதனையையும் புதுசையும் ஒரே தராசுல வைக்க முடியறதும் அதனாலதான்.

இங்கதான் கவனம் வேணும்

"சரி, போட்டியில ஜெயிக்க வேண்டாம். பாதுகாப்புக்காக வெட்சூட் போடலாமே?"ன்னு கேக்கலாம். குளிர்ந்த ஊர்கள்ல அது சரி. வேர்ல்டு அக்வாட்டிக்ஸ் விதிப்படி 18 டிகிரிக்குக் கீழ வெட்சூட் கட்டாயம், 18-ல இருந்து 20-க்குள்ள விருப்பம், அதுக்கு மேல அனுமதி இல்லை. மன்னார் வளைகுடாவுல மேற்பரப்புத் தண்ணி வருஷம் முழுக்க 25 டிகிரிக்கு மேலதான். விதியைப் பாத்தாலே நம்ம ஊருக்கு அது ஆகாது.

காரணம் இதுதான். நீந்தும்போது தசைகள் செலவழிக்கிற சக்தியில பெரும்பகுதி வெப்பமா மாறுது. ரோட்டுல ஓடுறவருக்கு வியர்வை ஆவியாகி உடம்பு குளிரும். தண்ணிக்குள்ள வியர்வை ஆவியாகாது. தோல் நேரடியா தண்ணிக்குக் கடத்துறதுதான் வெப்பம் வெளியேற முக்கிய வழி. ஏற்கெனவே 29, 30 டிகிரியில இருக்கிற தண்ணியில அந்த வழி பாதி அடைபட்டிருக்கு. அது மேல ரப்பரை மாட்டுனா மீதியையும் அடைச்ச மாதிரி.

2010 அக்டோபர்ல ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவுல நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில அமெரிக்க வீரர் ஃப்ரான் கிரிப்பன் இறந்துபோனார். வயசு 26. அன்னைக்குக் கடல் தண்ணி ரொம்பச் சூடா இருந்துச்சு. அதுக்குப் பிறகுதான் தண்ணியோட அதிகபட்ச வெப்பநிலை 31 டிகிரின்னு வரம்பு வந்துச்சு. உலகத் தரத்துல பயிற்சி எடுத்தவருக்கே சூடான தண்ணி அவ்வளவு ஆபத்து. முதல்முறை போறவர் ரப்பர் மாட்டிக்கிட்டு இறங்கவே கூடாது.

அப்போ காசை எதுல போடலாம்?

தம்பி, உங்களுக்கு நேரடியா சொல்றேன். உடம்போட ஒட்டுற சாதாரண ஜாமர் ஒண்ணு, நல்ல கண்ணாடி, பளிச்சுன்னு தெரியிற நிறத்துல ஒரு தொப்பி. இடுப்புல கட்டி இழுத்துக்கிட்டுப் போற மிதவைப் பை ஒண்ணு கட்டாயம். பயிற்சியில படகு ஓட்டுறவங்க உங்களைப் பாக்குறதுக்கும், களைச்சா பிடிச்சு நிக்கிறதுக்கும் அதுதான் உதவும். ஜெல்லி மீனும் வெயிலும் பயமா இருந்தா மெல்லிய துணிச் சட்டை போதும். ஆனா போட்டியில அதை அனுமதிக்கிறாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

மிச்சக் காசைப் பயிற்சியாளருக்கும், ராமேஸ்வரத்துலயோ தூத்துக்குடியிலயோ நாலு தடவை கடல்ல இறங்கிப் பழகுற பயணத்துக்கும் செலவு பண்ணுங்க. படகுத் துணையோட மட்டும் இறங்குங்க. ஆத்துல தனியா பயிற்சி வேண்டாம். அணையில தண்ணி திறக்கிற நாள்ல நேத்துப் பாத்த ஆறு இன்னைக்கு இருக்காது. மணல் அள்ளுன பள்ளம் எங்க இருக்குன்னு மேல இருந்து தெரியாது.

சூட் வாங்குறதை ரெண்டாவது, மூணாவது போட்டிக்கு அப்புறம் யோசிப்போம். அப்போ உங்க நேரம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அந்த எண்ணை எனக்கும் ஒரு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!