தார்ச்சாலையும் அதன் களைப்பும்

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் அது முறிந்துவிடும். தார்ச்சாலையும் அவ்விதமே களைத்துப் போகிறது. லோரிச் சக்கரம் உருளும்போதெல்லாம் தார்ப்படலம் மயிரிழையளவு கீழே வளைகிறது. அதன் அடிப்புறம் இழுபடுகிறது. பெரும்பாலும் அங்கேதான் வெடிப்பு பிறக்கிறது. பின்பு மெல்ல மேலேறி, முதலைத் தோல் போல் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லோரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். ஓர் அச்சின் பாரம் இருமடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது அதில் கிடைத்த கணக்கு. செம்பனைக் குலைகளை அளவுக்கு மீறி ஏற்றும் லோரி, நம் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து போகும் சாலையை எவ்வளவு விரைவில் கெடுக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் தாருக்கு ஒரு நற்குணம் உண்டு. (நாம் தார் என்பது உண்மையில் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பிட்டுமன்.) வெயிலில் அது இளகும். வண்டி வராத வேளையில் நுண்ணிய வெடிப்பின் இரு ஓரங்களும் ஒன்றையொன்று தொட்டு ஓரளவு கூடிக்கொள்ளும். ஓய்வே கொடுக்காமல் வளைக்கும் ஆய்வுக்கூடச் சோதனை, சாலையின் ஆயுளைக் குறைத்துக் காட்டுவது இதனால்தான். எனவே பொறியாளர்கள் சேதத்தைக் கூட்டுவதோடு ஆறியதையும் கழிக்க வேண்டியிருக்கிறது.

நெதர்லாந்தில் 2010ஆம் ஆண்டு ஏ-58 நெடுஞ்சாலையில் தாரோடு இரும்பு நார் கலந்து போட்டார்கள். மின்காந்த இயந்திரம் மேலே சென்றால் நார் சூடேறும். தார் இளகி வெடிப்பை மூடும்.

மண்ணும் மழைநீரும் புகுந்த பெரிய வெடிப்பு தானாக ஆறுவதில்லை. அதை வெட்டியெடுத்து ஒட்டுப்போடத்தான் வேண்டும்.