ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில்

ஐப்பசி பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. "புது வீடுங்க, ஜன்னல் வழியா தண்ணி வருது" என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஜன்னல் நன்றாகத்தான் இருக்கும். அதை மாட்டிய விதம்தான் கோளாறு.

நாங்கள் தச்சர்கள். அப்பா காலத்தில் நிலையை நிறுத்திய பிறகே சுவர் எழும்பும். செங்கல்லும் கலவையும் சட்டத்தை ஒட்டியே வரும். இப்போது வரிசை தலைகீழ். கொத்தனார் ஓட்டை விட்டுப் போகிறார். பூச்செல்லாம் முடிந்த பிறகு, பட்டறையில் செய்த யுபிவிசி ஃப்ரேமைக் கொண்டுவந்து அதில் நிறுத்துகிறோம். சுற்றிலும் ஓர் இடுக்கு இருக்கத்தான் வேண்டும். வெயிலில் யுபிவிசி நீளும். 6 அடிச் சட்டம் காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல்கூட நீளும். அந்த இடுக்கை அடைப்பது யார் பொறுப்பு? கொத்தனார் ஜன்னல்காரரைக் காட்டுவார், ஜன்னல்காரர் கொத்தனாரைக் காட்டுவார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த ஆறாவது மாடி வீடு. "மூணு தடவை சிலிகான் அடிச்சிட்டுப் போயிட்டாங்க தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா. கண்ணாடியில் சொட்டு இல்லை. ஆனால் ஜன்னலுக்குக் கீழே பட்டி உப்பி, விரல் வைத்தால் உதிர்ந்தது. சிலிகானைக் கத்தியால் அறுத்து இழுத்தேன்; அடியில் ஒட்டியிருந்த தூசியோடு நாடாவாக வந்துவிட்டது. உள்ளே இரண்டு விரல் நுழையும் இடைவெளி, அதில் கிழித்த சிமென்ட் சாக்கும் ஒரு உருண்டை வெள்ளைச் சிமென்டும். சுமார் 2 அடிக்கு ஒன்று என்று இருக்க வேண்டிய திருகு, பக்கத்துக்கு இரண்டுதான். கையால் தள்ளினாலே ஃப்ரேம் ஆடியது. அடிக் கிரானைட் மேல் ரசமட்டம் வைத்தேன். குமிழி வெளிப்பக்கம் ஒதுங்கி நின்றது. அதாவது கல் வீட்டுக்குள் சரிந்திருந்தது. வடகிழக்குப் பருவக்காற்று மழையைச் சுவரில் அறையும்போது தண்ணீர் வேறு எங்கே போகும்?

முறை எளிதுதான். கல் வெளியே சரிய வேண்டும். அதன் அடியில் ஒரு காடி வெட்டினால் தண்ணீர் சுவரைத் தொடாமல் சொட்டும். இடுக்கில் பியூ ஃபோம், அளவாக. அதிகம் அடித்தால் உப்பிச் சட்டத்தையே வளைத்துவிடும், பிறகு கதவு நகராது. ஃபோமை வெயிலில் திறந்து விட்டால் மஞ்சளாகிப் பொடிந்துபோகும். அதனால் தூசி துடைத்த இடத்தில் வெளிப்பக்கம் சிலிகான். சிலிகான் கடைசிக் காவல், முதல் காவல் அல்ல.

இன்னொன்று. ஸ்லைடிங் ஜன்னலின் டிராக்கில் மழைத்தண்ணீர் கொஞ்சம் நிற்பது குற்றமே இல்லை. அது வெளியேறுவதற்கென்றே ஃப்ரேமின் வெளிமுகத்தில், அடியில் சிறு துளைகள் உண்டு. 'சுத்தமாக' வேலை செய்கிறேன் என்று அதையும் சிலிகானால் மூடிவிடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அங்கே தண்ணீர் டிராக் நிரம்பி ஹாலுக்குள் இறங்கும்.

பால்கனிக் கதவு இன்னும் மோசம். பால்கனித் தளம் அறையைவிடத் தாழ்ந்து, வடிகால் பக்கம் வாட்டமாக இருக்க வேண்டும். அழகுக்காக ஒரே மட்டத்தில் டைல்ஸ் ஒட்டிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கதவும் அங்கே தோற்கும். கடல் பார்த்த உயர்மாடிக்கு ஸ்லைடிங்கே வேண்டாம், ரப்பர் அழுத்தி மூடும் கீல் ஜன்னல் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஸ்லைடிங்தான் மலிவு, யார் கேட்கிறார்கள்?

சித்திரையில் சாவி வாங்குகிறவர்கள் மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் ஹோஸ் பைப்பால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியிலிருந்து, கீழே தொடங்கி மேலே, நிதானமாகத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். டேப் எடுத்து ஃப்ரேமின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குடிவந்த பிறகு தெரிந்தாலும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் வேலைப்பாட்டுக் குறையைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். தமிழ்நாட்டில் இதற்கான ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. 'ஜன்னல் கம்பெனி வாரன்டி முடிஞ்சிருச்சு' என்ற பேச்சை ஏற்காதீர்கள். உங்களுக்கு வீடு விற்றவர் பில்டர்தான். போனில் சொல்லாமல் தேதியோடு எழுதிக் கொடுங்கள், படமும் எடுத்து வையுங்கள். சிலிகான் துப்பாக்கியை மட்டும் தூக்கிக்கொண்டு ஆள் வந்தால், பழையதை அறுத்து இடுக்கைக் காட்டிய பிறகே வேலையைத் தொடங்க விடுங்கள்.