குறுக்கெழுத்தில் கதை விலங்குகள்

இன்று நாளிதழ்களில் காணும் குறுக்கெழுத்துப் புதிரின் முன்னோடியை அமைத்தவர் ஆர்தர் வின் ஆவார். அது 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் இதழில் வெளிவந்தது. புகழ்பெற்ற சிறுவர் நூல்களில் வரும் உயிரினங்களைக் கொண்டு இப்புதிரைத் தமிழில் அமைப்பது எவ்வாறு எனக் காண்போம்.

புதிருக்கு உயிர் போன்றது குறிப்பு. 'காட்டில் வாழும் விலங்கு (2)' என்னும் குறிப்பு பயன்படாது; புலி, நரி, கீரி, மான் ஆகிய அனைத்தும் அதற்குப் பொருந்தும். 1894இல் ரட்யார்டு கிப்ளிங் வெளியிட்ட 'தி ஜங்கிள் புக்' நூலில் புலியும் வருகிறது, கீரியும் வருகிறது. 'மௌக்லியைக் கொல்ல முயன்றது (2)' எனின் விடை புலி. 'சிறுவனின் குடும்பத்தை நாகங்களிடமிருந்து காத்தது (2)' எனின் விடை கீரி. கதையில் அவ்விலங்கு செய்த செயலே குறிப்பைத் தெளிவாக்குகிறது.

அடுத்து, எழுத்துகளை எண்ணும் முறையை அறிதல் வேண்டும். தமிழில் உயிர்மெய் எழுத்திற்கு ஒரு கட்டம்; புள்ளி பெற்ற மெய்யெழுத்திற்கும் தனியே ஒரு கட்டம். இந்தியிலோ அரை எழுத்து அடுத்த எழுத்துடன் இணைந்து ஒரே கட்டத்தில் அமையும். பூனையைக் குறிக்கும் 'பில்லி' என்னும் சொல்லுக்கு இந்தியில் இரண்டு கட்டங்கள் போதும். அதையே தமிழில் எழுதினால் பி, ல், லி என மூன்று கட்டங்கள் வேண்டும்.

இனி ஒரு குறிப்பைப் பார்ப்போம்.

இடமிருந்து வலம்: வலையில் சொற்களை எழுதிப் பன்றிக்குட்டியின் உயிரைக் காத்தது (4).

இது ஈ. பி. வொயிட் 1952இல் வெளியிட்ட 'சார்லட்ஸ் வெப்' கதை. உங்களுள் சிலர்க்கு 'மக்டி' என்னும் இந்திச் சொல் முதலில் தோன்றலாம். வீட்டில் 'எட்டுக்கால் பூச்சி' எனக் கேட்டிருக்கலாம். அதற்கு ஒன்பது கட்டங்கள் வேண்டும். நான்கு கட்டங்களில் அடங்கும் தமிழ்ச்சொல் 'சிலந்தி'. புதிர் இவ்வாறு நமக்கு ஒரு சொல்லைத் தேடித் தருகிறது.

இதன் இறுதி எழுத்தாகிய 'தி', மேலிருந்து கீழாக வரும் மூன்றெழுத்துச் சொல்லின் நடுவெழுத்தும் ஆகும்.

மேலிருந்து கீழ்: அன்னா சூவெல் 1877இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' நூலில் தன் வாழ்க்கையைத் தானே கூறுவது (3).

'கழுதை' என எழுதினால் நடுவில் 'ழு' வரும், 'தி'யுடன் பொருந்தாது. 'குதிரை' பொருந்தும். குறுக்கே வரும் சொல் நம் பிழையைத் திருத்தும் துணையாகிறது.

பயிற்சி

1. விடை காண்க:
அ) மௌக்லிக்குக் காட்டுச் சட்டத்தைக் கற்பித்தது, இதன் பெயரே இந்தியில் இவ்விலங்கைக் குறிக்கும் (3).
ஆ) சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்தபடி விரைந்து, ஆலிசைத் தன்பின் வரச்செய்தது (3).

2. நீங்கள் படித்த கதையில் வரும் ஒரு விலங்கிற்குக் குறிப்பு எழுதுக. வீட்டிலுள்ள பெரியோரிடம் அதன் தமிழ்ப்பெயரைக் கேட்டறிந்து, கட்டங்களை எண்ணிக் குறிக்க.