ரத்தம் உறைய எத்தனை விநாடி?

பி.காம். படித்தவனுக்கு ரத்தத்தைப் பற்றி எழுத என்ன யோக்யதை என்கிறீர்களா? நியாயம்தான். ஆனால் கணக்கு டேலி ஆகாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது ஸார். ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் ரத்த உறைவு டெஸ்ட்டும் அப்படி ஒரு கணக்குதான்.

என் பெரியப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. 'பி.டி.' என்ற டெஸ்ட்டில், 13 விநாடியில் உறைய வேண்டிய ரத்தம் 22 விநாடி எடுத்துக்கொண்டது. ஆபரேஷன் தள்ளிப்போக, பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா, காரணம் தெரிஞ்சா சரி பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

காரணம் இதுதான்: கட்டி, பித்தநாளத்தை அடைத்திருந்தது. பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்போடு வரும் வைட்டமின் கே உடம்பில் சேராது. அது இல்லாமல், ரத்தத்தை உறைய வைக்கும் நாலு புரதங்களைக் கல்லீரலால் உருப்படியாகத் தயாரிக்க முடியாது. வைட்டமின் கே ஊசி போட்டார்கள். மறுநாள் 14 விநாடி!

எல்லாருக்கும் இப்படிச் சுலபமாக முடியாது. கல்லீரலே பழுதென்றால் ஊசி அவ்வளவாகக் கேட்காது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், டாக்டர் சொன்னால், சுமார் 5 நாள் முன்பே நிறுத்த வேண்டும். டியூபில் ரத்தம் குறைவாக எடுத்தாலே ரிசல்ட் தப்பாக வரும். அதனால் இன்னொரு தடவை டெஸ்ட் செய்வார்கள். அப்புறமும் புரியவில்லையா? நல்ல பிளாஸ்மாவைப் பாதிக்குப் பாதி கலந்து பார்ப்பார்கள். நேரம் சரியானால் ஏதோ சரக்கு ஸ்டாக் இல்லை. ஆகாவிட்டால், எதுவோ தடுக்கிறது என்று அர்த்தம்.

நேரம் நீண்டால் ரத்தம் கொட்டியே தீரும் என்பதும் இல்லை. அமெரிக்க ரயில்வே ஊழியர் ஜான் ஹேஜ்மனுக்கு ஆபரேஷனுக்கு முந்தைய டெஸ்ட்டில் ரத்தம் உறைய ரொம்ப நேரமாயிற்று. 12-ம் நம்பர் புரதம் அவரிடம் இல்லை என்று 1955-ல் எழுதினார் டாக்டர் ராட்னாஃப். ஹேஜ்மனுக்கோ ரத்தப்போக்குத் தொல்லையே கிடையாது. 1968-ல் அவர் இறந்தது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து!

புற்றுநோயும் இப்படி ரத்தக்கட்டியை உண்டாக்கக்கூடியது. அதனால்தான் பெரிய ஆபரேஷன் முடிந்ததும் பலருக்கு ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறார்கள். முன்னால் உறைய ஒரு ஊசி, பின்னால் உறையாமலிருக்க ஒரு ஊசி!

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர்கள் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, எழுதிக் கொண்டு போங்கள். ஆஸ்பிரின் பி.டி. டெஸ்ட்டில் தெரியாது. பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா என்பதையும் கேட்டு வையுங்கள். அந்த விவரம் எந்த லேபிலும் கிடைக்காது, அம்மாவிடம்தான் கிடைக்கும்!