நடக்காததைச் சொல்லும் 'இஃப்'

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடி தம்பி. 'இஃப்' உன்னைக் குழப்புவதில் ஆச்சரியமில்லை. டைப் ஒன்று, டைப் இரண்டு என்று நம்பர் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். வினைச்சொல் ஏன் மாறுகிறது என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நம் பண்டசோழநல்லூர்ப் பேச்சையே எடுத்துக்கொள். வானம் கறுத்திருக்கிறது, 'மழை பெய்தால் நடவு ஆரம்பிப்போம்' என்கிறோம். பெய்யவும் செய்யலாம். அதனால் 'இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் பிளான்ட்.'

இப்போது சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாதவர், 'எனக்கு நாலு காணி இருந்தால் கரும்பு போடுவேன்' என்கிறார். தமிழில் இரண்டுக்கும் அதே 'ஆல்'தான். அவர் நிலைமை நமக்குத் தெரியும், புரிந்துவிடுகிறது. ஆங்கிலம் அதை வினைச்சொல்லிலேயே காட்டிவிடும்: 'இஃப் ஐ ஹேட் லேண்ட், ஐ வுட் க்ரோ ஷுகர்கேன்.' 'ஹேவ்' இங்கே 'ஹேட்' ஆனதால் நேற்று நிலம் இருந்தது என்று எடுத்துக்கொள்ளாதே, பேச்சு இன்றையதுதான். இறந்தகால வடிவத்தைப் போட்டு, 'இது நிஜமில்லை, நினைப்பு' என்று தள்ளி நிறுத்துகிறது. பிரெஞ்சிலும் இதே ஏற்பாடுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுத் தாத்தா யாரையாவது கேட்டுப் பார்.

நடந்து முடிந்ததை மாற்றி நினைக்க வேண்டுமானால் இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று நம் புதுச்சேரியின் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேரலாம் என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் சொன்னார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த 170 பேரும் மறுத்திருந்தால்? 'இஃப் தே ஹேட் ரெஃப்யூஸ்ட், அவர் ஸ்டோரி வுட் ஹேவ் பீன் டிஃபரென்ட்.' 'ஹேட் ரெஃப்யூஸ்ட்' என்றதுமே அவர்கள் மறுக்கவில்லை என்பதும் உள்ளே வந்துவிடுகிறது. நம் 'மறுத்திருந்தால்' செய்வதும் இதே வேலைதான், அதனால் இந்த வகை உனக்குச் சுலபமாகவே வரும்.

பிள்ளைகள் அதிகம் வழுக்குவது 'வுட்' விஷயத்தில். 'இஃப் ஐ வுட் ஹேவ் மணி' என்று எழுதிவிடுகிறார்கள். 'வுட்' விளைவைச் சொல்லும் பாதிக்குச் சொந்தம். 'இஃப்' இருக்கும் பாதியில் அதை வைக்காதே.

'நான் கலெக்டரானால்' என்று பரீட்சையில் கட்டுரை கேட்பார்கள். 'இஃப் ஐ வேர் த கலெக்டர்' என்று தொடங்கு. 'வாஸ்' என்று பேச்சில் சொல்பவர்கள் உண்டு, எழுத்தில் 'வேர்' போடு. பிறகு 'ஐ வுட்' என்று தொடங்கி, ஊருக்கு என்னென்ன செய்வாய் என்று தாராளமாக எழுது.