விசைப்பலகையும் எழுத்திலக்கணமும்

2014ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டாண்டுப் பயிற்சியாக அமைந்த கல்வியியல் பட்டப்படிப்பில் தகவல் தொழில்நுட்பமும் இடம்பெற்றுள்ளது. எனவே புதுவையில் தமிழாசிரியப் பயிற்சி பெறுவோரும் கணிப்பொறியை வகுப்பறையிற் கையாளப் பழகுகின்றனர். கருவியை இயக்குதல் எளிது; சின்னாளிற் கைவரும். விசைப்பலகையினுள் அமைந்துள்ள எழுத்திலக்கணத்தை உணர்தலே அரிது என்பது எம் கருத்து.

‘கொடி’ என்னும் சொல்லைக் கொள்வோம். கரும்பலகையில் எழுதுவோர் முதலெழுத்தை அமைக்குங்கால் ஒற்றைக்கொம்பை முன்னும், ககரத்தை இடையும், துணைக்காலைப் பின்னும் இடுவர். பழைய தட்டச்சுப்பொறியின் முறையும் அதுவே. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 பலகையிலோ முதலிற் ககரம், அடுத்து ஒகரம். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்னும் தொல்காப்பிய நெறியோடு இஃது ஒத்துள்ளது. திரையில் இதனைத் தட்டிக் காட்டின், வரிவடிவ முறை வேறு, ஒலிமுறை வேறு என்பதனைச் சிறுவரும் கண்ணாற் காண்பர்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. அப்பலகையில் ‘பந்து’ என அமைக்கப் புள்ளி விசை வேண்டுவதில்லை. நகரத்தையடுத்துத் தகரம் வரின் புள்ளி தானே தோன்றும். ‘அம்மா’ என்பதில் மகரம் இரட்டிக்குங்காலும் அவ்வாறே. இனவெழுத்தின் இயல்பு அறிந்தார்க்கு இது நயமாகத் தோன்றும். அறியாச் சிறுவனுக்கோ புள்ளியிடும் பழக்கமே கைநழுவிப் போகலாம். அவன் தேர்வெழுதுவது தாளில் அன்றோ? ஆதலின் பயிற்சி மாணாக்கர், சிறுவரைக் கையால் எழுதிப் புள்ளியிடச் செய்த பின்னரே விசையைத் தொடவிடுதல் வேண்டும். தொடக்கத்திற்கு ‘பல்’ போன்ற சொற்களே தக்கன. ஆண்டுப் புள்ளி விசையைத் தட்டாவிடின் ‘பல’ என்றே நிற்கும்.